திருப்பிப் போட்ட பல்சக்கரம்

எங்கள் ராட்டினத்தைப் பார்க்க வருகிறவர்கள் அத்தனை பேரும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். பதினான்கு தொட்டில்கள், சிவப்பும் பச்சையுமாக விளக்குகள், உச்சிக்குப் போனால் கோயில் மணிக்கூண்டு கைக்கெட்டும் தூரம். நடு அச்சில் கிரீஸ் அப்பிக்கொண்டு ஒரு பல்சக்கரம் இருப்பதை ஒருத்தரும் கவனிப்பதில்லை. நான் பதினேழு வருஷமாக அதை மட்டும்தான் கவனிக்கிறேன்.

அதன் பெயர் ஸ்ப்ராக்கெட் என்றால், "மோட்டார் சைக்கிளில் இருக்குமே, அதுவா?" என்று கேட்பார்கள். அதேதான். கீழே ஒரு பழைய லாரியின் இன்ஜினும் கியர்பாக்ஸும். அதன் தண்டில் சின்ன ஸ்ப்ராக்கெட். மேலே ராட்டினத்தின் அச்சில் எழுபத்திரண்டு பல் உள்ள பெரியது. இரண்டுக்கும் நடுவே சங்கிலி. அவ்வளவுதான் ராட்டினம். மற்றதெல்லாம் பெயிண்ட்.

சங்கிலி எப்போதும் ஒரே திசையில் இழுப்பதால் பல்லின் ஒரு பக்கம்தான் தேயும். வருஷக்கணக்கில் தேய்ந்து கடைசியில் பல் கொக்கியாக வளைந்துவிடும். மறுபக்கம் புதுசாகவே இருக்கும். அந்த நிலையில் மனசாட்சி உள்ள முதலாளி வேறு ஸ்ப்ராக்கெட் வாங்குவார். எங்கள் முதலாளி தோன் எர்குலானோ, "திருப்பிப் போடு" என்றார். இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. கரும்பாலைக்காரனிலிருந்து மோட்டார் சைக்கிள்காரன் வரை குவாத்தமாலா முழுக்கச் செய்கிற வேலைதான். கழற்றித் திருப்பி மாட்டினால் தேயாத பக்கம் சங்கிலிக்கு வரும். இன்னும் மூன்று வருஷம் ஓட்டிவிடலாம். ஒரே நிபந்தனை, அதற்கப்புறம் ராட்டினத்தைப் பின்பக்கமாகச் சுற்றக் கூடாது. சுற்றினால் சங்கிலி தேய்ந்த பக்கத்தைப் பிடிக்கும். கொக்கிப் பல்லில் மாட்டி மேலே ஏறும். பிறகு என்ன ஆகும் என்பது ஏறியிருக்கிறவர்களின் அதிர்ஷ்டம்.

மற்ற ஊர்களில் இது பெரிய விஷயமில்லை. சான் தேமெத்ரியோவில்தான் வம்பு. இந்த ஊர்க்காரர்களுக்குத் திருநாளன்று ராட்டினம் மூன்று சுற்று பின்னாடி சுற்றியே ஆகவேண்டும். வருஷம் முழுக்கப் பட்ட சண்டை, சாபம், கெட்ட பேச்சு எல்லாம் அதில் கழன்று போய்விடுமாம். பின்னாடி சுற்றாத ராட்டினத்தில் ஏறினால் காசு போனதுதான் மிச்சம் என்பார்கள். அதனால் டிக்கெட் கூண்டில் ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தோம்: "ரிவர்ஸ் கியர் பழுது. மன்னிக்கவும்." போன வருஷமும் அதே பலகைதான். போன வருஷம் என்னைக் கிழவா என்று திட்டினார்கள். எனக்கு நாற்பத்தொன்று.

என் மகள் ஒதீலியா இந்த ஊரில்தான் இருக்கிறாள். ஒன்பது வயது. அவளுடைய அம்மா ரூஃபினா, பிள்ளைக்கு இரண்டு வயதில் வடக்கே எல்லை தாண்டிப் போனாள். மாதாமாதம் அக்காவுக்குப் பணம் அனுப்புகிறாள். எனக்கு ஒரு வார்த்தை அனுப்புவதில்லை. நான் ஊர் ஊராகத் திருவிழாவுக்குச் சுற்றுகிறவன். லாரியின் பின்னால் படுத்துத் தூங்குகிறவனிடம் பெண்பிள்ளையை யார் விடுவார்கள்? ரூஃபினாவின் அக்கா தொமித்திலாதான் வளர்க்கிறாள். வருஷத்துக்கு ஒருமுறை ராட்டினம் இங்கே வரும்போது நான்கு நாள் மகளைப் பார்ப்பேன். அவள் என்னை 'தோன் பவுதிலியோ' என்பாள். ஊரே மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுகிறது. அப்பா என்று தெரியும். ஆனால் தெரிவது வேறு, வாயில் வருவது வேறு.

இந்த வருஷம் துணிந்து தொமித்திலாவிடம் கேட்டுவிட்டேன். அக்டோபரில் பள்ளிக்கூடம் மூடினால் ஜனவரி வரை லீவு. எஸ்குவிந்த்லாவில் எனக்கு ஒரு வாடகை அறை உண்டு. அதில் சின்னதாக ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருந்தேன். திருவிழா முடிந்து நாங்கள் கிளம்பும்போது பிள்ளையை என்னோடு அனுப்பவேண்டும், அவ்வளவுதான்.

தொமித்திலா சோள மாவு பிசைந்த கையை ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"என்ன ராட்டினக்காரரே, ஏழு வருஷம் கழிச்சு இப்பத்தான் பிள்ளை ஞாபகம் வந்துச்சா?"

"ஞாபகம் எப்பவும் இருந்துச்சு மதினி. கட்டில்தான் இப்ப வந்துச்சு."

"அவளா கேக்கட்டும். அவ வாயாலே 'போறேன்'னு சொன்னா அனுப்புறேன். நான் தள்ளிவிட மாட்டேன், நீங்களும் இழுக்கக் கூடாது."

"சரி."

"அப்புறம் இன்னொன்னு. நாலு நாளும் உங்களைப் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ராட்டினத்தைப் பூட்டி நிறுத்திய அன்று ஒதீலியாவிடம் எனக்குச் சோள மாவை இலையில் சுற்றி அவித்த தமால் கொடுத்தனுப்பிவிட்டு, தெருக்கோடியில் நின்று நான் எப்படிச் சாப்பிடுகிறேன் என்றுகூடப் பார்த்தாள்.

அன்றைக்குப் பெரிய ஸ்ப்ராக்கெட் தரையில் பலகைமேல் கிடந்தது. நானும் கந்தெலாரியோவும் அதை அச்சில் ஏற்றுவதற்கு முன் டீசல் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தோம். கந்தெலாரியோ என்னோடு பன்னிரண்டு வருஷமாக இருப்பவன், குரங்கு மாதிரி ஏறுவான், வாய் மட்டும் சும்மா இருக்காது. ஒதீலியா பக்கத்தில் குந்தி, ஒரு பல்லை விரலால் தடவிப் பார்த்தாள்.

"தோன் பவுதிலியோ, இந்தப் பல்லு ஒரு பக்கம் நேரா இருக்கு, ஒரு பக்கம் கொக்கியா இருக்கு. ஏன்?"

"சங்கிலி இழுத்து இழுத்துத் தேஞ்சிருச்சு."

"உங்க பல்லு மாதிரியா?"

கந்தெலாரியோ சிரித்த சிரிப்பில் ஸ்பேனரைக் காலில் போட்டுக்கொண்டான்.

"நல்லா கேட்டே கண்ணு! உங்கப்பனுக்கும் ஒரு பக்கந்தான் பாக்கி."

"சும்மா இருடா." நான் அவளுக்குக் காட்டினேன். "இந்தப் பக்கம் தேஞ்சதும் திருப்பிப் போட்டுட்டோம். இப்ப சங்கிலி நல்ல பக்கத்தப் பிடிச்சுக்கிட்டு இழுக்கும்."

"பின்னாடி சுத்தினா?"

பிள்ளை கெட்டிக்காரி. இந்தக் கேள்வியை முதலாளிகூடக் கேட்டதில்லை.

"பின்னாடி சுத்தினா இந்தக் கொக்கிப் பக்கத்தப் பிடிக்கும். மாட்டிக்கும். அதனாலதான் சுத்துறதில்ல."

"அப்ப ரிவர்ஸ் கியர் பழுதுன்னு பலகை வெச்சிருக்கீங்களே, அது பொய்யா?"

"பொய்யில்ல. சுருக்கமா சொல்றது."

அவள் யோசித்தாள். சின்ன ஸ்ப்ராக்கெட்டையும் பெரியதையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றையொன்று தொடுமா என்று கேட்டாள். தொடவே தொடாது, நடுவில் சங்கிலிதான், அது இருக்கிறவரை எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இது சுற்றினால் அது சுற்றும் என்றேன். "ம்" என்றாள். தமால் சுற்றி வந்த இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு அன்றைக்கு முழுக்கப் பசிக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

திருநாளன்று மத்தியானம் மூன்று மணிக்கு நல்ல கூட்டம். கோயில் வாசலில் வெடி வெடித்துப் புகை கலையவில்லை. மரிம்பாக்காரர்கள் மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கிறார்கள், எங்கள் இன்ஜின் அதற்கு மேல் இரைகிறது. மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது. மழைக்கு முன் இன்னும் மூன்று ஆட்டம் ஓட்டிவிடலாம் என்று தோன் எர்குலானோ டிக்கெட் கூண்டிலிருந்து கையைக் காட்டினார்.

ஒதீலியா புது மஞ்சள் சட்டையில் வந்து நின்றாள். இதுவரை தொமித்திலா அவளை ஏறவிட்டதில்லை. இந்த வருஷம் விட்டாள். அதுவே எனக்குப் பாதிச் சம்மதம் மாதிரி இருந்தது. சின்னப் பிள்ளையைத் தனியாக ஏற்றக் கூடாது என்பதால், டோர்த்தியா என்கிற சோள ரொட்டிக் கடை வைத்திருக்கும் தோன்யா கிளியோஃபாவோடு உட்கார வைத்தேன். இருவர் உட்காரும் தொட்டிலில் முக்கால்வாசி அந்த அம்மாள்தான். குறுக்குக் கம்பியைப் போட்டுக் கொண்டி மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

"நீங்க ஏறலையா மதினி?"

"நானா? ஏணியில ஏறினாலே எனக்குக் கண்ணு இருட்டும்." தொமித்திலா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளையப் பத்திரமா இறக்குங்க, போதும்."

ஓட்டினேன். எங்கள் ஊர்களில் ராட்டினம் மெதுவாகச் சுற்றினால் காறித் துப்புவார்கள், அதனால் வேகமாகவே ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் மஞ்சள் சட்டை கீழே வரும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடவேயில்லை, அப்படிச் சிரிக்கிறாள். ஆட்டம் முடிகிற நேரத்தில் வழக்கம்போல் ஊர் ஆரம்பித்தது.

"பின்னாடி! பின்னாடி!"

வழக்கம்போல் நான் பலகையைக் காட்டினேன். வழக்கம்போல் திட்டினார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ராட்டினத்தை நிறுத்த வேகத்தைக் குறைத்தபோது மஞ்சள் சட்டை என் தலைக்கு நேரே இறங்கி வந்தது. ஒதீலியா கம்பிக்கு மேல் எட்டிப் பார்த்து, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள்.

"அப்பா! பின்னாடி சுத்துங்கப்பா!"

ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. மரிம்பா, இன்ஜின், ஊர்ச் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த ஒரு சொல் தெளிவாகக் கேட்டது. வேலியோரம் தொமித்திலாவும் கேட்டாள். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். என் கை ஏற்கெனவே கியர்க் கம்பியில் இருந்தது.

மூன்று சுற்றுதானே, மெதுவாகச் சுற்றினால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்ததாக இப்போது சொல்கிறேன். அப்போது எதையும் நினைக்கவில்லை. ரிவர்ஸைப் போட்டேன்.

ஊரே ஆர்ப்பரித்தது. முதல் சுற்று சுத்தமாகப் போயிற்று. அவள் என்னைப் பார்த்துக் கையாட்டினாள், நானும் ஆட்டினேன். இரண்டாவது சுற்றில் மேலே டக் என்றது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். கிளட்சை மிதிப்பதற்குள் டக் டக் டக் என்று சங்கிலி கொக்கிப் பல்லில் ஏறி, சங்கிலியை மூடியிருந்த காவல் தகட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நசுங்கி, ராட்டினம் முழுவதும் ஒரு உதறு உதறி நின்றது. தொட்டில்கள் முன்னும் பின்னும் ஆடின. மஞ்சள் சட்டை ஏறக்குறைய உச்சியில் நின்றது.

"பெரியம்மா!" என்று கத்தினாள் ஒதீலியா. என்னைக் கூப்பிடவில்லை.

இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக்குக்கு ஓடினேன். பிரேக் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆளுயரத்துக்கு ஒரு மரக் கம்பம், அதன் முனையில் பழைய டயர்த் துண்டு. கம்பத்தைத் தொங்கி அழுத்தினால் டயர் ராட்டினத்தின் விளிம்பை உரசிப் பிடிக்கும். இப்போதைக்கு மாட்டிக்கொண்ட சங்கிலிதான் ராட்டினத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது எந்த நிமிஷம் விடும் என்று தெரியாது. அது விட்டால் பிடிப்பதற்கு நான் ஒருத்தன்தான். ஆகவே கம்பத்தை விட்டு நகர முடியாது.

"யாரும் இறங்காதீங்க! அப்படியே உக்காருங்க! கீழ இருக்கறவங்க இறங்கினா மேல பாரமாயிடும்!"

சொல்லி வாய் மூடவில்லை, கீழ்த் தொட்டிலில் இருந்த இரண்டு தடியன்கள் கம்பியைத் தூக்கிவிட்டுக் குதித்து ஓடினார்கள். நான் கத்தினேன். கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். கூட்டம் அவர்களைத் தட்டிக்கொடுத்தது, தப்பித்து வந்த வீரர்களாம். இப்போது கீழே வெறும் தொட்டில், நேர் எதிரே மேலே என் மகளும் தோன்யா கிளியோஃபாவும். சங்கிலி விட்டால் அந்தப் பாரம் அப்படியே தலைகுப்புறக் கீழே வரும். என் எழுபது கிலோவும் ஒரு டயர்த் துண்டும் அதை நிறுத்தாது.

தோன் எர்குலானோ தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து என் காதில் சொன்னார்.

"சங்கிலின்னு சொல்லு. புதுச் சங்கிலி, கடைக்காரன் ஏமாத்திட்டான். விளங்குதா?"

"முதலாளி, கீழ்த் தொட்டில்ல ஏறி உக்காருங்க. பாரம் வேணும்."

"எனக்கு ரத்தக் கொதிப்புடா!"

"உக்காரத்தானே சொல்றேன்!"

அவர் கேட்காதவர் மாதிரி கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போய்விட்டார். கந்தெலாரியோ இரும்பறுக்கும் ரம்பத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு அதற்குள் பாதித் தூணில் ஏறிவிட்டான். சங்கிலியை அறுத்துவிட்டால் ராட்டினம் கையால் தள்ளினாலே சுற்றும். ஆனால் பாரம் சமமாக இருந்தால்தான். "இன்னும் அறுக்காதே!" என்று கத்தினேன். "யாராவது கீழ ஏறணும்! ரெண்டு ஆள் பாரம் வேணும்!" கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. முதல் தூறல் விழுந்தது. மேலே தோன்யா கிளியோஃபா எல்லாப் புனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒதீலியாவின் சத்தமே இல்லை. மஞ்சள் சட்டையின் ஒரு ஓரம் மட்டும் காற்றில் ஆடியது. அழுகிறாளா, மயங்கிவிட்டாளா, கீழேயிருந்து எதுவும் தெரியவில்லை.

"ஒதீலியா! கம்பியப் பிடிச்சுக்கோ! அப்பா இருக்கேன்!"

அப்பா இருந்து என்ன செய்துவிட்டேன்? ஒரு கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் வாழ்நாளில் அவ்வளவு கையாலாகாதவனாக நின்றதில்லை.

வேலிக் கதவு திறந்த சத்தம் கேட்டது. தொமித்திலா. பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

"நான் ஏறினா அவ இறங்குவாளா?"

"மதினி, அவ கீழ வர்றப்ப இந்தத் தொட்டில் உச்சிக்குப் போகும். நீங்க மேல போயிடுவீங்க."

"அதக் கேக்கல. அவ இறங்குவாளா?"

"இறங்குவா. ஆனா உங்க ஒரு ஆள் பாரம் பத்தாது."

அவள் திரும்பி, கிளியோஃபாவின் கடையில் இருந்த இரண்டு சோள மூட்டைகளைக் காட்டினாள். அதுவரை சிலையாக நின்ற ஆம்பிளைகள் இப்போது ஓடினார்கள். மூட்டைகளைத் தொட்டிலில் போட்டார்கள். நடுவில் தொமித்திலா உட்கார்ந்து, கம்பியைப் போடும்வரை கண்ணைத் திறந்திருந்தாள். பிறகு இறுக மூடிக்கொண்டாள்.

கந்தெலாரியோ அறுத்தான். சங்கிலி பாம்பாகச் சரிந்து இன்ஜின்மேல் விழுந்தது. ஒரு கணம் ராட்டினம் எந்தப் பக்கம் போவது என்று யோசித்தது. கம்பம் என் கையில் அதிர்ந்தது. நின்றது. ஆறு பேர் விளிம்பைப் பிடித்து அங்குலம் அங்குலமாகத் தள்ள, நான் பிரேக்கைத் தளர்த்தியும் இறுக்கியும் விட்டேன். டயர் நனைந்து வழுக்கியது. வழுக்கும்போதெல்லாம் ஊரே ஒன்றாக மூச்சை இழுத்தது. பாதி வழியில் இரண்டு தொட்டில்களும் சமமான உயரத்தில் எதிரெதிரே வந்தன. தொமித்திலா கண்ணை மூடியபடியே, "பெரியம்மா மேல போறேன், நீ கீழ போ கண்ணு, பயப்படாதே" என்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் குரல் நடுங்கவில்லை.

ஒதீலியா தரைக்கு வந்தாள். யாரோ தூக்கி இறக்கினார்கள். தோன்யா கிளியோஃபாவும் காலை வெளியே வைத்தாள்.

"நீங்க இறங்காதீங்க தோன்யா! உங்க பாரம் வேணும். மதினிய இறக்கணும்."

"என்னது? திரும்பவும் மேலயா?" அவள் என்னையும் என் அம்மாவையும் ராட்டினத்தைக் கண்டுபிடித்தவனையும் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஆனால் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். அந்தத் திட்டு அத்தனையும் எனக்குத் தகும்.

மறுபடி பாதிச் சுற்று. ஒதீலியா நடந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். மழையில் அவள் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, உதடு வெளுத்திருந்தது. அவளைத் தூக்கிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. இரண்டு கையும் கம்பத்தில் இருந்தன, எடுத்தால் தொமித்திலா போய்விடுவாள். தலையை மட்டும் அவள் பக்கம் திருப்பினேன்.

"நான் கேட்டதாலதான் உடைஞ்சுதா?" என்றாள்.

"இல்லம்மா."

"நீங்க முந்தாநாளே சொன்னீங்க. கொக்கிப் பக்கம் மாட்டிக்கும்னு. நான்தான் கேட்டேன். எல்லாரும் கத்தினாங்களா, நான் மறந்துட்டேன்."

அழாமல் சொன்னாள். பெரியவர்கள் தப்பை ஒப்புக்கொள்கிற மாதிரி சொன்னாள். ஒன்பது வயதுப் பிள்ளை பெரியம்மாவை உச்சியில் பார்த்துக்கொண்டே, தான்தான் அவளை அங்கே ஏற்றியதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

"நீ மறந்துட்டே," என்றேன். "நான் மறக்கல. தெரிஞ்சுதான் போட்டேன். உம்மேல தப்பே இல்ல."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

"ஏன்?"

நீ அப்பா என்று கூப்பிட்டாய், அதனால். அதை எப்படிச் சொல்வது? சொன்னால் மறுபடியும் அது அவள் தலையில்தான் விழும். "புத்தியில்லாமதான்," என்றேன்.

தொமித்திலா தரைக்கு வந்ததும் நேரே நடந்து வந்து பிள்ளையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். தோன்யா கிளியோஃபா உட்பட எல்லோரையும் எதிரும் புதிருமாக இறக்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர்கள் இருவரும் அதுவரை மழையில் நின்றார்கள், போகவில்லை. நான் கம்பத்தை விட்டபோது விரல்கள் நிமிரவில்லை.

தோன் எர்குலானோ எனக்கு முன்னால் அவர்களிடம் போய்ச் சேர்ந்தார்.

"மன்னிக்கணும் தோன்யா தொமித்திலா. புதுச் சங்கிலி, பாத்தீங்களா. கடைக்காரன் ஏமாத்திட்டான். நம்ம பவுதிலியோமேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. அவன்தான் எல்லாரையும் காப்பாத்தினான்."

தொமித்திலா என்னைப் பார்த்தாள். மூன்று நாளாகப் பார்த்த பார்வை இல்லை. அதைவிட இளகிய பார்வை.

"அப்படியா?" என்றாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். சொல்லியிருப்பேன். உண்மையாகவே சொல்லியிருப்பேன், எனக்கு அந்தக் கட்டில் கண்ணில் வந்து நின்றது. ஆனால் சால்வைக்குள்ளிருந்து ஒதீலியா என்னையே பார்த்தாள். நான் சொல்கிற பொய்க்கு அவளும் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டி வரும். இன்றைக்கு மட்டுமல்ல, என்னோடு இருக்கிற ஒவ்வொரு நாளும்.

"சங்கிலி நல்லாத்தான் இருந்துச்சு மதினி," என்றேன். "ஸ்ப்ராக்கெட்தான் தேஞ்சது. பின்னாடி சுத்தக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமா தெரியும். தெரிஞ்சே சுத்தினேன்."

முதலாளி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னார். தொமித்திலா கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இன்னிக்குக் காலைல அடுப்படியில வந்து கேட்டா. 'லீவுக்கு அவர்கூடப் போறேன் பெரியம்மா'ன்னு. நானா கேக்கல, அவளா கேட்டா. துணியெல்லாம் மடிச்சு வெச்சிருக்கா." சால்வையை இன்னும் இழுத்து மூடினாள். "தெரியாமச் செஞ்சிருந்தா மன்னிச்சிருப்பேன். தெரிஞ்சே பிள்ளைய ஏத்திவெச்சுச் சுத்தினியே, உன்கிட்ட எப்படிய்யா அனுப்புவேன்?"

அவள் கேட்டது நியாயம். அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் அனுப்பமாட்டேன்.

போகும்போது ஒதீலியா நின்று திரும்பினாள். வளர்த்த முறை அப்படி, பெரியவர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் போகமாட்டாள்.

"போயிட்டு வரேன், தோன் பவுதிலியோ."

"போயிட்டு வாம்மா," என்றேன்.

மஞ்சள் சட்டை சால்வைக்குள் மறைந்து, கோயில் மூலை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். மரிம்பாக்காரர்கள் பெட்டிகளுக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். கந்தெலாரியோ என் தோளில் கை வைத்தான்.

தோன் எர்குலானோ தொப்பியிலிருந்து தண்ணீரை உதறிக்கொண்டு வந்தார். திருவிழா இன்னும் ஒரு நாள் பாக்கி.

"டேய், நடந்தது நடந்துபோச்சு. அந்த ஸ்ப்ராக்கெட்ட ராத்திரிக்குள்ள கழட்டி மறுபடியும் திருப்பிப் போட முடியுமா?"

"ஏற்கெனவே ஒரு தடவை திருப்பியாச்சு முதலாளி," என்றேன். "அதுக்கு ரெண்டு பக்கந்தான்."